பாடியவரும் கணக்கெழுதியவரும்

அடிமை விலங்கு அறுந்த மறுநாளே அடிமை வாழ்வு முடிந்துவிடுவதில்லை. சட்டம் ஒரு நாளில் மாறும். கணக்கேடு மாறுவதற்குத் தலைமுறைகள் கழியும். இவ்வுண்மையை அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய புளூஸ் இசைவாணர்களின் வாழ்வில் நாம் தெளிவாகக் காணலாம். அவர்தம் பாட்டு உலகமெங்கும் ஒலித்தது. அப்பாட்டினால் விளைந்த பொருளோ பெரும்பாலும் வேறொருவர் பெட்டியில் சேர்ந்தது. இஃது எவ்வாறு நிகழ்ந்தது, பின்னர் ஓரளவேனும் எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை நம் இளைஞர்கள் அறிவது நலமெனக் கருதி இக்கட்டுரையை வரைகின்றோம்.

1865 ஆம் ஆண்டு அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13 ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆயினும் நிலம் பழைய முதலாளிகளிடமே இருந்தது. விடுதலை பெற்றோரில் மிகப் பலர் மிசிசிப்பி போன்ற தென்மாநிலங்களில் வாரச் சாகுபடியில் இறங்கினர். விதை, கலப்பை, உண்ணும் மாவு, உடுக்கும் துணி யாவும் பண்ணைக் கடையிலிருந்து கடனாக வந்தன. பருத்தி விளைந்ததும் பாதி பண்ணையாருக்குச் சென்றது. மீதிப் பாதியில் கடன் கழிக்கப்பட்டது. கடன் எவ்வளவு என்பதைச் சொல்வது பண்ணையாரின் ஏடு. அடிமைக் காலத்தில் அம்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்பிப்பதே சட்டப்படி குற்றமாயிருந்தது. அச்சட்டங்கள் நீங்கிய பின்னும், கற்றறிந்த ஒருவர், "ஏட்டைக் காட்டுக" என்று துணிந்து கேட்பது அவர் உயிருக்கே இடராக முடியக்கூடும்.

இத்தகைய பண்ணைகளிலும், இருப்புப்பாதை போடும் இடங்களிலும், கூலியாட்களின் முகாம்களிலும் உருப்பெற்றதே புளூஸ். ஓரடியைப் பாடி, அதனையே மீண்டும் பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடையிறுப்பது அதன் பெருவழக்கான அமைப்பு. எளிய அமைப்புத்தான், எனினும் பசியும் பிரிவும் சிறையும் காதலும் கேலியும் அதனுள் அடங்கின. டாக்கரி பருத்திப் பண்ணையில் வாழ்ந்து 1934 இல் மறைந்த சார்லி பாட்டன், அவ்விசையின் தொடக்கக்கால ஆசான்களுள் ஒருவராவார்.

1873 இல் அலபாமாவில் பிறந்த டபிள்யூ. சி. ஹாண்டி, இசையை எழுதவும் படிக்கவும் முறையாகக் கற்றவர். மிசிசிப்பியில் டட்வைலர் என்னும் சிற்றூரின் புகைவண்டி நிலையத்தில், கிடார் நரம்பின்மீது கத்தியை அழுத்தி ஒருவர் இசைக்கக் கேட்டதைத் தம் தன்வரலாற்றில் அவர் குறித்துள்ளார். அவ்விசைஞரின் பெயரை வரலாறு குறித்து வைக்கவில்லை. 1912 இல் "மெம்பிஸ் புளூஸ்" என்னும் தம் படைப்பை அச்சிட்ட ஹாண்டி, அதன் உரிமையை வெறும் 50 டாலருக்குக் கைமாற்றிவிட்டார். அது நாடெங்கும் பரவிப் பிறருக்குப் பொருள் ஈட்டித் தந்தது. ஒருமுறை இழந்தவர் மறுமுறை இழக்கவில்லை. ஹாரி பேஸ் என்னும் கற்ற நண்பருடன் சேர்ந்து சொந்தப் பதிப்பகம் நிறுவி, 1914 இல் "செயின்ட் லூயி புளூஸ்" என்னும் பாடலைத் தாமே வெளியிட்டார். அதுவே அவருடைய வாழ்நாள் வருவாயாயிற்று.

அந்த ஹாரி பேஸ் 1921 இல் "பிளாக் ஸ்வான்" என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் இயக்குநர் குழுவில் பேரறிஞர் டு பாய்ஸ் இடம்பெற்றிருந்தார். தீண்டப்படாதோர் நிலைக்கும் கறுப்பின மக்கள் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டி 1946 இல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதியது இந்த டு பாய்ஸுக்கே என்பதை நாம் ஈண்டு நினைவுகூர்தல் தகும். பிளாக் ஸ்வான் நிறுவனம் சில ஆண்டுகளே நிலைத்தது. எனினும் தட்டும் நமதாக வேண்டும், கணக்கும் நமதாக வேண்டும் என்ற எண்ணம் அன்றே பிறந்துவிட்டது.

1920 இல் மேமி ஸ்மித் பாடிய "கிரேஸி புளூஸ்" இசைத்தட்டு பெருவாரியாக விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்துத் தட்டு வாங்குவர் என்பதை முதலாளிகள் அப்போதுதான் கண்டனர். அம்மக்களுக்கென்று தனிப் பட்டியல் வகுத்து, அதற்கு "இனத் தட்டுகள்" எனப் பெயரும் இட்டனர். குடியிருப்பில் இருந்த பிரிவினை கடையின் அடுக்கிலும் புகுந்தது. 1949 இல் பில்போர்டு இதழ் அப்பெயரைக் கைவிட்டு, "ரிதம் அண்ட் புளூஸ்" என்னும் பெயரை ஏற்றது.

மேமிக்குப் பின்வந்தோரில் தலைசிறந்தவர் பெஸ்ஸி ஸ்மித். வறுமையில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, தெருவில் பாடித் திரிந்த இவர், 1923 இல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடத் தொடங்கினார். இவருடைய தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்றன. ஆயினும் தட்டின் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை கொடுத்தார்களேயன்றி, விற்பனையில் பங்கு தந்தார்களில்லை. 1937 இல் மிசிசிப்பியில் கிளார்க்ஸ்டேல் அருகே நேர்ந்த மோட்டார் விபத்தில் பெஸ்ஸி உயிர் நீத்தார். வெள்ளையர் மருத்துவமனை அவரைச் சேர்க்க மறுத்தது என்ற செய்தி நெடுங்காலம் உலவியது. விபத்து நடந்த இடத்தில் உதவிய மருத்துவர் பின்னாளில் அதனை மறுத்தார். அவரை நேரே கறுப்பினத்தவர் மருத்துவமனைக்கே கொண்டு சென்றனர். வேறிடம் கொண்டுபோகலாம் என்று அவ்வூரில் எவருக்கும் தோன்றியிராது என்றார் அவர். மறுக்க வேண்டிய தேவையே எழாத அளவுக்கு ஒதுக்குதல் வேரூன்றியிருந்தது என்பதே இதன் பொருள். அவர் கல்லறைக்கு 1970 வரை பெயர்க்கல்லும் இல்லை. அவ்வாண்டு ஜானிஸ் ஜோப்ளின் என்னும் பாடகியும், சிறுமியாயிருந்தபோது பெஸ்ஸியின் வீட்டில் வேலை செய்த ஒரு பெண்மணியும் சேர்ந்து அக்கல்லை நாட்டினர்.

மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியின் ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். 1941 இல் ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கறுப்பின அறிஞர் ஜான் வொர்க்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அவர் பாட்டைப் பதிவு செய்தனர். தம் குரலைத் தட்டில் கேட்ட அவர், தாமும் பாடகரே எனத் தெளிந்தார். 1943 இல் பண்ணையை விட்டுச் சிகாகோ சென்றார். 1910 முதல் 1970 வரை ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டு வெளியேறினர். அப்பெருங்கூட்டத்தில் அவரும் ஒருவர். அங்கே மின்கிடாரின் துணையால் புளூஸ் புதுக்குரல் பெற்றது. அவரும் முதுமையில் தம் பாடல்களின் உரிமைத் தொகைக்காக 1976 இல் வழக்குத் தொடுக்க நேர்ந்தது.

ஆர்தர் கிரூடப்பின் கதை இன்னும் துயரமானது. 1946 இல் அவர் பதிவு செய்த பாடலையே 1954 இல் எல்விஸ் பிரெஸ்லி தம் முதல் தட்டில் பாடிப் புகழின் படிக்கட்டில் ஏறினார். கிரூடப்போ உரிய தொகை கிட்டாமையால் வெறுப்புற்று, வயற்கூலி வேலைக்கே திரும்பினார். பின்னாளில் 60,000 டாலர் தருவதாகப் பேச்சு முடிந்து, அவரும் பிள்ளைகளும் கையொப்பமிட்ட பின்னர்ப் பதிப்பகத்தார் பின்வாங்கினர். 1974 இல் அவர் மறைந்த பின்னரே அவர் குடும்பத்தாருக்குப் பணம் வந்து சேர்ந்தது.

இவ்வநீதியை எதிர்த்து வென்றவர் ரூத் பிரௌன். 1928 இல் வர்ஜீனியாவில் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர். 1950 களில் இவருடைய தட்டுகள் விற்ற விற்பனையால், அட்லாண்டிக் நிறுவனத்தை "ரூத் கட்டிய வீடு" என்றே மக்கள் அழைத்தனர். 1960 களில் அவர் பிள்ளைகளைக் காக்க வீட்டு வேலையும் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையும் செய்தார். காரணம் யாது? ஒலிப்பதிவுச் செலவு முதலியவை பாடகரின் பற்றில் எழுதப்பட்டன. அவை தீர்ந்தாலன்றி உரிமைத் தொகை இல்லை. ஏட்டின்படி பாடகரே நிறுவனத்துக்குக் கடன்பட்டவர்! மிசிசிப்பிப் பண்ணைக் கடையின் ஏடு நியூயார்க் நகரின் மாடியில் ஏறி அமர்ந்திருந்ததை நாம் காண்கின்றோம்.

ஹாவெல் பெகிள் என்னும் வழக்கறிஞரின் துணையோடு 1980 களில் ரூத் அந்த ஏட்டைத் திறக்கச் சொன்னார். ஆண்டுக்கணக்கான போராட்டத்துக்குப் பின் 1988 இல் நிறுவனம் இறங்கி வந்தது. ரூத்தும் அவர் காலத்துக் கலைஞர் மேலும் 35 பேரும் பட்டதாக எழுதப்பட்ட கடன் தள்ளப்பட்டது. 20 ஆண்டுக்கால உரிமைத் தொகை கணக்கிடப்பட்டது. முதிய கலைஞர்களுக்கு உதவும் ரிதம் அண்ட் புளூஸ் அறக்கட்டளைக்கும் பொருள் வழங்கப்பட்டது. 2006 இல் ரூத் மறைந்தார். தம் பெயரை மட்டும் ஏட்டில் திருத்திக்கொண்டு அவர் விலகியிருக்கலாம், அவ்வாறு செய்யவில்லை.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கத்தின் இளைஞர்களுக்கு இவ்வரலாறு ஒரு பாடம் தருகின்றது. பெஸ்ஸிக்கும் கிரூடப்புக்கும் கலையில் குறைவில்லை. அவர்கள் கையொப்பமிட்ட தாளைப் படித்து விளக்க அருகில் எவரும் இருந்திலர். ஹாண்டியைக் காத்தது கல்வி. ரூத்தைக் காத்தது கேட்கும் துணிவும் கற்றோர் துணையும். நம்மிடையே கல்வி பெற்றவர் எவராயினும், கல்வி பெறாத உறவினர் ஒருவர் கைந்நாட்டு வைக்குமுன் அத்தாளை வாங்கிப் படித்துச் சொல்வாராக. அவருடைய கணக்கைக் கேட்குமிடத்தில் உடன் நிற்பாராக.