முஅல்லிமும் மாலுமியும்

பெருநகர் கடல் காணாத ஊர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குச் செல்லும் சாலையில், ஏரிகளும் நெல்வயல்களும் சூழ அமைந்தது. இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பெருநீர் என்றால் ஏரிதான். அத்தகைய பிள்ளை ஒருவன், பாடவேளை முடிந்ததும் நம்மிடம், “மாலுமி என்பது எந்த மொழிச் சொல், ஹஜ்ரத்?” என்று வினவினான். “அரபுச் சொல்தான், நீங்கள் எங்களை எப்படி அழைக்கிறீர்களோ அதே சொல்” என்றோம். பிள்ளை நம்பவில்லை. அவனுக்குச் சொன்ன விளக்கத்தையே சற்று விரித்து ஈண்டு எழுதுகிறோம்.

அரபியில் ‘முஅல்லிம்’ என்றால் கற்பிப்பவர். மதரஸாவில் ஓதிக்கொடுப்பவர் முஅல்லிம். இந்துமாக்கடலில் பாய்மரக் கலத்துக்கு வழி சொன்னவரும் முஅல்லிமே. இச்சொல்தான் தமிழர் நாவில் ‘மாலுமி’ எனத் திரிந்தது. கலத்தைத் திருப்பும் ‘சுக்கா’னும் அரபிலிருந்து நம் துறைமுகங்களுக்கு வந்து தமிழாகிவிட்ட சொல்லே.

அக்பர் காலத்தில் அபுல் பஸ்ல் எழுதிய ‘ஆயினே அக்பரி’ கப்பற் பணியாளர்களை வரிசைப்படுத்திக் கூறுகிறது. கலத்துக்கு அதிபதி நாகுதா. ஆழமும் ஆழமின்மையும் அறிந்து, விண்மீன் நோக்கி வழி சொல்பவர் முஅல்லிம். கலாசிகளுக்குத் தலைவர் தண்டேல். பண்டகசாலைக்குப் பண்டாரி, கணக்கெழுதிப் பயணிகளுக்கு நீர் அளந்து கொடுப்பவர் கர்ரானி, சுக்கான் பிடிப்பவர் சுக்கான்கீர், பாய்மரத்தின் உச்சியிலிருந்து கரையையும் பிற கலத்தையும் காற்றையும் கண்டு குரல் கொடுப்பவர் பஞ்சரி. கசிந்து புகும் நீரை இறைத்து வெளியேற்றுவதற்கென்றே தனி ஆள்களும் உண்டு. இத்துணைப் பேருள்ளும் ‘கற்பிப்பவர்’ என்னும் பெயரைப் பெற்றவர் வழி அறிந்தவர் ஒருவரே என்பது நோக்கத்தக்கது.

அந்த அறிவு எளிதில் கிட்டுவதன்று. குறிப்பாக, தீவிலிருந்து தீவுக்குச் செல்லும் பயணம் மிகவும் நுட்பமானது. மாலத்தீவுகள் வடக்குத் தெற்காக நீண்டு, தென்கோடியில் நிலநடுக்கோட்டையும் கடந்து செல்பவை. மலையோ மேடோ அங்கில்லை. தென்னையின் தலைகளே தீவின் அடையாளம். சில கல் தொலைவு விலகிச் சென்றாலும் தீவு கண்ணிற் படாது. பிறகு முன்னே விரிவது பெருங்கடல் ஒன்றே.

ஆதலால் அக்கால முஅல்லிம்கள் வானத்தை அளந்தனர். சிறு மரப்பலகையின் நடுவே முடிச்சிட்ட கயிறு ஒன்று இருக்கும். முடிச்சைப் பல்லிற் கடித்து, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்திலும் மேல்விளிம்பைத் துருவ விண்மீனிலும் பொருத்துவர். விண்மீனின் உயரத்தை ‘இஸ்பஉ’, அதாவது விரல் என்னும் அளவால் கூறுவர். சேரவேண்டிய தீவில் துருவ மீன் எத்தனை விரல் உயரம் என்பது மனப்பாடமாக இருக்கும். அவ்வுயரத்தை எட்டும்வரை வடக்கிலோ தெற்கிலோ ஓடி, பின்னர் அது மாறாமல் கிழக்கிலோ மேற்கிலோ சென்றால் தீவு எதிர்ப்படும். தெற்கே போகப்போகத் துருவ மீன் தாழ்ந்து மங்கிவிடும். அப்போது ‘பர்கதான்’ எனப்படும் இரு மீன்கள் துணை நிற்கும். 15ஆம் நூற்றாண்டில் அஹ்மத் இப்னு மாஜித் இக்கலையை நூலாகவும், மனனம் செய்வதற்கேற்ற செய்யுளாகவும் இயற்றினார். மதரஸாவில் இலக்கணத்தைச் செய்யுளாக ஓதுவதுபோல் கப்பலில் கடல்வழியைச் செய்யுளாக ஓதினர்.

முஅல்லிம் இல்லாத கலம் என்னாகும்? விடை இப்னு பதூதாவின் பயண நூலில் இருக்கிறது. மாலத்தீவில் காஜியாக இருந்த அவர், அங்குள்ள அமைச்சருடன் மனக்கசப்புற்று, ஹிஜ்ரி 745இல், அதாவது 1344 ஆகஸ்டில், மஅபர் என்று அரபிகள் வழங்கிய நம் தமிழகக் கரையை நோக்கிப் புறப்பட்டார். மூன்று நாள் பயணம் அது. தென்மேற்குக் காற்று ஓயாத காலம். வழி தெரிந்த தலைவர் எவரும் கலத்தில் இல்லை என்று அவரே எழுதுகிறார். ஒன்பதாம் நாள் கண்ட கரை மஅபர் அன்று, இலங்கை. பாவா ஆதம் மலை புகைத்தூண்போல் வானில் எழுந்து நின்றது.

ஆரியச் சக்கரவர்த்தியின் ஆட்சியிலிருந்த புத்தளத்தில் இறங்கி, அவ்வரசரின் உதவியால் அம்மலைக்குச் சென்று வர விரும்பினார். கலத்தின் தலைவர், “நீங்கள் ஓராண்டு கழித்துத் திரும்பினாலும் நான் காத்திருப்பேன்” என்னும் கருத்துப்படக் கூறி, அவ்வாறே காத்திருந்தார். என்னே அவர் நன்றி! ஆயினும் நன்றி வேறு, வழியறிவு வேறு. மீண்டும் மஅபர் நோக்கிப் பாய் விரித்தபோது காற்று கடுமையாயிற்று. கலத்தில் நீர் புகுந்தது. அறிந்த தலைவர் இல்லை என்று இரண்டாம் முறையும் எழுதுகிறார் அந்த அறிஞர்.

கலம் பாறையை உரசி, ஆழமற்ற நீரில் சிக்கியது. பாய்மரத்தை வெட்டி எறிந்தனர். கரை இரண்டு பர்ஸக் தொலைவில் இருந்தது. கலாசிகள் மரங்களைப் பிணைத்துத் தெப்பம் ஒன்று கட்டினர். இப்னு பதூதா தோழர் இருவரையும், தம்முடனிருந்த அடிமைப் பெண்கள் இருவருள் ஒருத்தியையும் அதில் ஏற்றினார். மற்றவள், தனக்கு நீந்தத் தெரியும் என்று கூறி உடன் நீந்தினாள். கலாசிகள் தெப்பத்தில் கயிறு கட்டி, அதைப் பற்றியவாறே நீந்திக் கரை சேர்த்தனர். கலத்தலைவர் சுக்கானைப் பற்றிக் கரையேறினார். எஞ்சிய கலாசிகள் மேலும் நான்கு தெப்பங்கள் கட்டத் தொடங்கினர், முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. காஜி இரவெல்லாம் கலத்தின் பின்மேட்டில் இருந்தார். விடிந்ததும் படகேறி வந்து காத்தவர்கள் இக்கரையில் வாழ்ந்த பிற சமயத்து மக்கள். அவர்கள் பெயரும் நமக்குக் கிட்டவில்லை; தெப்பம் கட்டிய கலாசிகளின் பெயரும் கிட்டவில்லை.

மதுரை சுல்தான் கியாதுத்தீன் தாமகானி, இப்னு பதூதாவுக்கு மனைவி வழி உறவினர். மாலத்தீவின் மீது படை அனுப்ப அவரும் இசைந்தார். ஆனால் கடற்படைத் தலைவர் க்வாஜா ஸர்லக், மூன்று மாதம் வரை தீவுகளுக்குக் கலம் செல்ல இயலாது என்றார். சுல்தானும் அடங்கினார். சுல்தானின் கட்டளை பருவக்காற்றிடம் செல்லாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை. ஏரியைக் காக்கும் வாரியத்திற்கும் வயதும் கல்வியும் பிற தகுதிகளும் வரையறுத்தே ஆள் தேர்ந்தனர். ஏரிக்கே இவ்வளவு என்றால் கடலுக்கு எவ்வளவு வேண்டும்!

நம் முன்னோர் காயலிலும் கீழக்கரையிலும் நாகூரிலும் கலம் ஓட்டியவர்கள். கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் தூத்துக்குடித் தோணிகளிலும் பாய்க்குப் பதிலாக எந்திரம் வந்துவிட்டது. காற்றையும் விண்மீனையும் அறிந்த அறிவு அதை ஓதிக்கொடுக்க ஆளின்றி மறைகிறது. ஓதுவது மட்டுமே இல்ம், கைத்தொழில் வெறும் பிழைப்பு என்று நம் இல்லங்களில் பிரித்துப் பேசுகிறோம். அவ்வாறு பிரித்திருந்தால் முன்னோர் இருவருக்கும் ஒரே பெயர் வைத்திருப்பார்களா? ஃபிக்ஹில் தேர்ந்த காஜி ஒருவர் கடல் நடுவே, வழி அறிந்தவர் இல்லையே என்று இருமுறை எழுதியதை நாம் மறக்கலாகாது.

வினவிய பிள்ளையிடம் நாம் சொன்னது இவ்வளவே: உன் வீட்டுப் பெரியவர்களுள் மீன்பிடித்தவரோ, தறி நெய்தவரோ, ஏர் உழுதவரோ இருப்பின், அவர் அறிந்ததைக் கேட்டு எழுதி வை. அவரும் உனக்கு முஅல்லிம்தான்.