மூட்டுகளை முடக்கிய காய்ச்சல்

துறைமுகம் ஒரு நாட்டின் தலைவாயில். வாயில் திறந்திருக்கும்போது விருந்தினரும் வருவர், வேண்டாதவரும் நுழைவர். திருகோணமலைத் துறைமுகத்துக்கு இது மிகவும் பொருந்தும். மலைகள் சூழ்ந்து, ஆழம் மிகுந்து, எக்காற்றுக்கும் அஞ்சாது கப்பல்கள் தங்கக்கூடிய இவ்வியற்கைத் துறையைக் கைப்பற்ற ஐரோப்பிய அரசுகள் ஒன்றோடொன்று போரிட்டன. ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய மூவரும் 1782ஆம் ஆண்டு என்னும் ஒரே ஆண்டினுள் இதனை ஆண்டனர். 1795இல் ஆங்கிலேயர் வசமான இத்துறை, 1957இல் அவர்களது கடற்படை வெளியேறும்வரை இந்துசமுத்திரத்தின் பெருந்தளங்களுள் ஒன்றாக விளங்கிற்று. இத்தகைய துறைகள் வழியே பொன்னும் மிளகும் மட்டும் செல்லவில்லை, நோய்களும் சென்றன. அவற்றுள் ஒன்று, உயிரைப் பெரும்பாலும் விட்டுவைத்து, ஆளை முடக்கிப்போடும் ஒரு காய்ச்சல். அதன் வரலாறு, பல நாட்டு மருத்துவர் கூடி ஆராய்ந்ததன்றி வெளிப்பட்டிராத வரலாறாகும்.

மூட்டுநோவு தமிழர்க்குப் புதிய துன்பமன்று. வாதம், பித்தம், ஐயம் என உடலின் நிலைகளை வகுத்த சித்த மருத்துவர், வாத நோய்களை எண்பதாக விரித்துரைத்தனர். விரல் மடங்காமை, முதுகு நிமிராமை, முழங்கால் வீங்குதல் என்பன அவர்கள் நன்கறிந்த குறிகள். திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் நீராடிச் செல்வோர் இன்றும் பலர். ஆயினும், முதுமையோடு மெல்ல மெல்ல வருகின்ற வாதம் வேறு. நேற்றுவரை வலை இழுத்தவனை இன்று காலையில் எழுந்து நிற்கவும் முடியாதவனாக்கும் நோய் வேறு. இரண்டாவது வகை நோய் எங்கிருந்து வருகிறது என்பதே மருத்துவ உலகை நெடுங்காலம் மயக்கிய வினா.

1779ஆம் ஆண்டில், ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தலைநகரான பத்தாவியாவில், தாவீது பைலோன் என்னும் நகர வைத்தியர் ஒரு கொள்ளைநோயைக் குறித்துவைத்தார். மே மாதத்து மாலையொன்றில், நண்பர் இருவரோடு உரையாடிக்கொண்டிருந்த அவருக்கே வலக்கையில் நோவு தொடங்கிற்று. அது முன்கை மூட்டுகளிலிருந்து தோள்வரை படிப்படியாக ஏறிற்று. பின்னர் உடலெங்கும் பரந்தது. அன்றிரவே அவர் கடுங்காய்ச்சலோடு படுக்கையில் வீழ்ந்தார். ஒல்லாந்த மொழியில் அந்நோய்க்கு 'மூட்டுக் காய்ச்சல்' என்னும் பொருள்படப் பெயர் வழங்கிற்று. அக்காலத்தில் பத்தாவியாவையும் இலங்கைத் துறைகளையும் ஒரே கும்பனியின் கப்பல்கள் இணைத்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1823இல் ஆபிரிக்காவின் கீழ்க்கரையிலுள்ள சன்சிபார்த் தீவில் இதையொத்த காய்ச்சல் பரவியது. அடுத்த இரண்டாண்டுகளில் கல்கத்தா முதலிய இந்திய நகரங்களில் தோன்றியது. 1827-28இல் மேற்கிந்தியத் தீவுகளை அடைந்தது. மீண்டும் 1870இல் சன்சிபாரில் எழுந்த அலை, 1871-72இல் இந்தியாவை வந்து சேர்ந்தது. சன்சிபாரில் பணிபுரிந்த யேம்சு கிறித்தி என்னும் மருத்துவர், அந்நாட்டு மக்கள் இதனைச் சுவாகிலி மொழியில் 'கிடிங்கா பெப்போ' என அழைத்தனர் என்றும், முதியோர் முந்தைய அலையையும் நினைவிற் கொண்டிருந்தனர் என்றும் எழுதினார். அப்பெயரே மேற்கிந்தியத் தீவுகளில் திரிந்து 'டெங்கு' ஆயிற்று என்பர். இவ்வாறு, மூட்டை முறிக்கும் காய்ச்சல் எதுவாயினும் அதற்கு டெங்கு என்றே பெயரிடும் வழக்கம் நிலைபெற்றது.

ஒரு பெயருக்குள் இரு நோய்கள் ஒளிந்திருக்கலாம் என்னும் ஐயம், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே தெளிவடைந்தது. 1952ஆம் ஆண்டின் நடுவில், தங்கனீக்காவின் தென்பகுதியிலுள்ள மாக்கொண்டே மேட்டுநிலத்தில் ஒரு காய்ச்சல் ஊரூராகப் பரவிற்று. அங்கு பணியாற்றிய மரியன் ரொபின்சன் என்னும் பெண் மருத்துவர் நோயாளரைக் கண்டு குறிகளைத் தொகுத்தார். உகண்டாவின் எந்தெபே நகரத்து வைரசு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லம்சுதன், நோய் பரவிய முறையையும் நுளம்புகளையும் ஆராய்ந்தார். அதே நிலையத்தின் ரொசு என்பவர் நோயாளரின் இரத்தத்திலிருந்தும் நுளம்புகளிலிருந்தும் வைரசைப் பிரித்தெடுத்தார். படுக்கையருகே ஒருவர், குடிசைகளிலும் நீர்க்குடங்களிலும் ஒருவர், ஆய்வுகூடத்தில் ஒருவர் என மூவர் பங்கிட்டுச் செய்த பணி அது. அம்மூவருள் எவரும் தனித்து இவ்வுண்மையைக் கண்டிருக்க முடியாது.

நோய்க்கு அவர்கள் புதுப்பெயர் தேடவில்லை. மாக்கொண்டே மக்கள் வழங்கிய 'சிக்குன்குனியா' என்னும் சொல்லையே ஏற்றனர். வளைந்து கூனிப்போதல் என்பது அச்சொல்லின் கருத்து. முதுகு நிமிராது, முழங்கால் நீளாது, கூனி நடக்கும் நோயாளியின் உருவத்தையே அச்சொல் காட்டுகிறது. அந்நிலத்து மக்கள் கண்ணாற் கண்டு வைத்த பெயர், உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்றது.

பத்தாண்டு கழிந்ததும் அது நம் அயலுக்கு வந்துவிட்டது. 1963இல் கல்கத்தாவிலும், 1964இல் சென்னையிலும் வேலூரிலும் இவ்வைரசு பிரித்தறியப்பட்டது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் உரூத்து மயர்சு, தொனால்டு கேரி முதலியோர் இந்திய அறிஞரோடு சேர்ந்து, நோயாளரின் குருதியிலும் நுளம்பிலும் அதனைக் கண்டனர். 1965இல் கொழும்பிலும் நோய் பரவியபோது, மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் அதனை ஆராய்ந்தனர். யூகோசிலாவியாவின் சாகிரெப் நகரத்து அறிஞரான வெசென்யாக்கு-கிர்யான் அம்மையார், இலங்கை மருத்துவரான கெர்மன், விதாரண ஆகியோருடன் இணைந்து, இந்நாட்டில் நுளம்பால் பரவும் வைரசுகளைப் பற்றி எழுதிய ஆய்வு 1969இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது.

வேலூரில் பணிசெய்த கேரியே, 1971இல் பழைய ஏடுகளை மீளப் படித்து ஒரு கருத்தை வெளியிட்டார். பைலோன் கண்ட மூட்டுக் காய்ச்சலும், சன்சிபாரிலிருந்து எழுந்த இரு அலைகளும் டெங்கு அல்ல, சிக்குன்குனியாவே என்பது அக்கருத்து. திடீரெனத் தாக்குதல், சிறு மூட்டுகளில் வீக்கம், காய்ச்சல் தணிந்த பின்னும் திங்கட்கணக்கில் நீளும் நோவு ஆகிய மூன்றும் அவர் காட்டிய சான்றுகள். வைரசைக் கண்ணாற் காணாத காலத்து வைத்தியர், குறிகளை உள்ளவாறு எழுதிவைத்தமையாலேயே, ஏறத்தாழ இரு நூற்றாண்டு கடந்து இவ்வழக்கை ஆராய முடிந்தது.

பெயரைப் பிரித்தறிவதால் நோயாளிக்கு என்ன பயன் என வினவலாம். பயன் பெரிது. டெங்கில் குருதி நாளங்களிலிருந்து நீர் கசிந்து, குருதிப்போக்கும் அதிர்ச்சி நிலையும் நேர்ந்து, உயிருக்கே இடர் விளையலாம். சிக்குன்குனியாவில் உயிரிழப்பு அரிது. ஆனால் மூட்டுகள் நெடுநாள் வருந்தும். மூட்டு வீக்கத்தைத் தணிக்கும் சில மருந்துகள் டெங்கு நோயாளிக்குக் குருதிப்போக்கை மிகுவிக்கக் கூடியவை. ஆகவே, டெங்கு அன்று என உறுதியாகும்வரை அவற்றைத் தவிர்த்து, பரசிற்றமோல் மட்டும் அளவோடு கொடுப்பதே மருத்துவ நெறி. தவறாக வைத்த பெயர் தவறான மருந்துக்கு வழிகோலும்.

1960களின் பின் இலங்கையில் இந்நோய் ஏறக்குறைய மறக்கப்பட்டது. நாற்பதாண்டு சென்றபின், 2004இல் கென்யாக் கரையில் அது மீண்டும் எழுந்தது. 2005-06இல் றெயூனியன் தீவில், மக்களில் மூன்றிலொரு பங்கினரான ஏறத்தாழ 2,66,000 பேர் நோயுற்றனர். இந்தியாவில் 2006இல் மட்டும் 13 லட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகக் கணக்கிடப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கல்முனை, கொழும்பு ஆகிய இடங்களோடு திருகோணமலையும் நோயின் வாய்ப்பட்டது. கரையோர ஊர்களே முதலில் தாக்கப்பட்டன என்பதைப் பட்டியலே காட்டும்.

திருகோணமலை மாவட்டத்துக்கு அது கொடிய காலம். அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் மூதூரில் மூண்ட போரினால் பல்லாயிரவர் வீடு துறந்து கந்தளாய் முதலிய இடங்களில் தஞ்சம் புகுந்திருந்தனர். குழாய்நீர் இல்லாத இடத்தில் மக்கள் வாளியிலும் பீப்பாயிலும் நீரைச் சேர்த்துவைப்பது இயல்பு. இந்நோயைப் பரப்பும் ஈடிசு நுளம்பு முட்டையிட விரும்புவதும் அத்தகைய தெளிந்த நீரையே. ஆதலால் இந்நோய் மனிதனின் ஒழுங்கீனத்தால் மட்டும் பரவுவது எனக் கூறுதல் பொருந்தாது; நீர் வசதியற்ற வாழ்வும் அதற்கு இடமளிக்கிறது.

கரைவலை இழுப்பவனுக்குக் கைப்பிடியே முதல். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனுக்கு முதுகே முதல். காய்ச்சல் மூன்று நான்கு நாளில் தணிந்துவிடும். குருதியில் வைரசும் நீங்கிவிடும். ஆயினும் காலையில் விரல்கள் மடங்க மறுக்கும்; மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கி நிற்கும். பெரும்பாலோர் சில கிழமைகளில் தேறுவர். சிலர் பல மாதம், ஒரு சிலர் ஆண்டுக்கணக்கில் வருந்துவர். காய்ச்சல் விட்டதே, இனி என்ன நோவு எனச் சுற்றத்தார் ஐயுறுவதும், அவனைச் சோம்பேறி எனக் கருதுவதும் உண்டு. அந்நோவு பொய்யன்று என்பதை ஆராய்ச்சி மெய்ப்பித்துள்ளது. மூட்டின் உட்சவ்வை இவ்வைரசு பற்றுவதும், நீண்டகாலம் வருந்திய நோயாளி ஒருவரின் மூட்டுச்சவ்வில் அதன் எச்சங்கள் மாதங்கள் கழிந்தபின்னும் காணப்பட்டதும் றெயூனியன் தீவு ஆய்வுகளால் அறியப்பட்டன. முடக்குவாத மூட்டழற்சியை இது தோற்றத்தால் ஒத்தாலும், அந்நோய் போல எலும்பை அரித்தல் இதில் அரிது. ஆதலால் நம்பிக்கை இழக்கவேண்டியதில்லை.

இன்னொரு புதிரும் கூட்டாராய்ச்சியாலேயே விடுபட்டது. வைரசின் மேலுறைப் புரதத்தில், 226ஆம் இடத்திலுள்ள ஒரேயொரு அமினோவமிலம் மாறியதனால், தோட்டங்களில் வாழும் ஈடிசு அல்போபிக்தசு என்னும் நுளம்பிலும் அது எளிதில் பெருகலாயிற்று. இம்மாற்றத்தை முதலில் றெயூனியன் தீவு மாதிரிகளில் பிரெஞ்சு அறிஞர் கண்டனர். பின்னர் இலங்கை, சிங்கப்பூர் ஆய்வாளர் இணைந்து இரு நாட்டு வைரசுகளையும் ஒப்பிட்டனர். இலங்கையில் 2006இல் பரவிய வைரசில் இம்மாற்றம் இல்லை. 2008இல் பரவியதில் இருந்தது. நகரத்து நுளம்பை நம்பியிருந்த நோய், இவ்வாறு மரஞ்செடி நிறைந்த ஊர்ப்புறங்களுக்கும் இடம்பெயரும் ஆற்றல் பெற்றது.

2008இன் பின் ஒடுங்கியிருந்த இந்நோய், 2024இன் இறுதியிலும் 2025இலும் இலங்கையில் மீண்டும் தலைகாட்டிற்று. மறதியே அதற்கு உற்ற துணை. ஒரு தலைமுறை நோயைக் கண்டு எதிர்ப்பாற்றல் பெறுகிறது. அடுத்த தலைமுறை அதனை அறியாது வளர்கிறது. அப்போது புதிய அலை எழுகிறது. சன்சிபாரில் கிறித்தி கேட்ட முதியோரின் நினைவு அங்கு எவ்வளவு பயன்பட்டதோ, அவ்வளவு பயன் திருகோணமலையில் 2006ஐக் கண்டவர்களின் நினைவுக்கும் உண்டு.

கிழமைக்கொருமுறை நீர்த்தொட்டியைத் தேய்த்துக் கழுவுதல், பீப்பாயை மூடிவைத்தல், சிரட்டையையும் பழைய தயரையும் அகற்றுதல் ஆகியவை எவரும் செய்யக்கூடியவை. காய்ச்சல் கண்டவுடன் வைத்தியசாலையில் குருதி பார்ப்பித்தலும், தேறிவரும் நாளில் மூட்டுகளை மெல்ல அசைத்துப் பழக்குதலும் வேண்டும். இவற்றோடு, கூனி நடப்பவனின் நோவை நம்பி, அவன் நிமிரும்வரை வேலையில் சற்று இளைப்பாறுதல் கொடுப்பதும் சுற்றத்தார் கடனாகும்.