விடுமுறையில் விளைந்த தோட்டங்கள்

பள்ளித்தோட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் அதன் கல்விக் கொள்கையை முன்னிறுத்துவதே வழக்கம்; ஆயினும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அத்தோட்டங்கள் எங்கே அமைந்தன, யார் பொறுப்பில் இருந்தன என்பவற்றை முடிவு செய்ததில் பள்ளி நாட்காட்டியின் பங்கும் சிறிதன்று. அந்நாடுகளில் கோடை என்பது சித்திரை வெயிலில் மண் வெடித்துக் கிடக்கும் காலம் அன்று. உறைபனி நீங்கியபின் ஏப்ரலிலும் மே மாதத்திலும் விதைத்தவை ஜூலை, ஆகஸ்டில் காய்த்துத் தள்ளும் பருவமே அங்குக் கோடை. அமெரிக்கப் பள்ளிகள் நீண்ட விடுமுறைக்கு மூடப்படுவதும் அதே மாதங்களில்தான் என்பதால், குழந்தைகள் விதைத்த பாத்தியில் களை மண்டி, அவரை முற்றி நெற்றாகும்போது அதைப் பறிக்க அவர்கள் அங்கு இருப்பதில்லை.

இளங்குழந்தைகளுக்குத் தோட்டத்தைக் கல்வியின் உறுப்பாக்கியவர் ஜெர்மானியக் கல்வியாளர் பிரீட்ரிக் ஃபுரோபல் (1782–1852). இளமையில் வனத்துறைப் பணி பயின்ற அவர், துரிங்கியாவின் பிளாங்கன்பர்க்கில் 1837-இல் தொடங்கிய குழந்தைக் கல்விப் பணிக்கு 1840-இல் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டபோது, அப்பெயரிலுள்ள தோட்டம் வெறும் உருவகமாக நின்றுவிடவில்லை. அவர் வகுத்த அமைப்பில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பாத்தி நடுவிலும், எல்லோருக்கும் உரிய பொதுப் பாத்திகள் அவற்றைச் சூழ்ந்தும் இருந்தன. தன் பாத்தியில் குழந்தை விரும்பியதை விரும்பியவாறு நடலாம். அளவுக்கு மீறி நீர் ஊற்றிச் செடி அழுகினாலும் எவரும் தடுக்க வேண்டியதில்லை. பெரியவர்களின் மேற்பார்வையில் முறையாக வளரும் பொதுப் பாத்திச் செடியோடு ஒப்பிட்டுத் தன் பிழையைக் குழந்தை தானே உணரும் என்பது அவர் கணக்கு. பிற்காலப் பள்ளித்தோட்டங்கள் பலவற்றில் காணப்படும் கண்டிப்போடு ஒப்பிட்டால், இச்சுதந்திரம் வியப்பூட்டுவது. 

ஆஸ்திரியாவின் 1869 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கிராமப் பள்ளிகளுக்குத் தோட்டம் அமைய வழிசெய்தது. அங்கு வேளாண் பயிற்சியே முதல் நோக்கம். அமெரிக்காவிலோ, மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கத்தின் சார்பில் ஐரோப்பியப் பள்ளித்தோட்டங்களைப் பார்த்துத் திரும்பிய ஹென்றி லிங்கன் கிளாப், 1891-இல் பாஸ்டனின் ராக்ஸ்பரியிலுள்ள ஜார்ஜ் பட்னம் பள்ளியில் அமைத்த தோட்டத்தில் முதலில் இடம்பெற்றவை காய்கறிகள் அல்ல, அப்பகுதியின் காட்டுச் செடிகள். கோடையில் கவனிப்பார் இல்லாவிடினும் அவை தாமே தழைக்கும் என்பது அத்தேர்வில் கிடைத்த வசதி எனலாம்.

விடுமுறைச் சிக்கலுக்கு நேரான விடை 1902-இல் நியூயார்க்கில் கிடைத்தது. உள்ளூர்ப் பள்ளிக்குழுவில் பணியாற்றிய ஃபேனி கிரிஸ்கம் பார்சன்ஸ், மன்ஹாட்டனின் மேற்குக் கரையில், நெருக்கமான தொழிலாளர் குடியிருப்புகளை ஒட்டிய டிவிட் கிளிண்டன் பூங்காவில், கல்லும் குப்பையுமாகக் கிடந்த நிலத்தைத் திருத்திக் குழந்தைகளுக்கான பள்ளிப் பண்ணையைத் தொடங்கினார். பள்ளி வளாகத்தில் அமையாமல் நகரப் பூங்காவில் அமைந்தமையால், வகுப்பறைக் கதவு சாத்தப்படும் மாதங்களிலும் அங்கு வேலை நடந்தது. முள்ளங்கி, லெட்யூஸ் என்னும் கீரை, பீட்ரூட், அவரையினம், மக்காச்சோளம் ஆகியவை அங்கு விளைந்தன. இவற்றுள் முள்ளங்கிக்குக் குழந்தைத் தோட்டங்கள் பலவற்றில் தனியிடம் உண்டு: மூன்று நான்கு வாரங்களில் கிழங்கு திரண்டு, சிவந்த தோள் மண்ணுக்கு மேலே தெரிவதால், நாளை என்ற சொல்லே நெடுந்தொலைவாகப் படும் வயதினருக்கும் காத்திருப்பு கைகூடுகிறது. அவரை, மக்காச்சோளம் போன்றவற்றின் பருத்த விதைகளைச் சிறு விரல்கள் ஒவ்வொன்றாக எடுத்து ஊன்றலாம். காரட் விதையோ தூளாகக் கொட்டி, முளைத்தபின் களைந்து இடைவெளிவிட வேண்டிய நிலையை உண்டாக்கும். பார்சன்ஸ் தோட்டக்காரர்களை உருவாக்க முற்படவில்லை. பொதுச்சொத்தைப் பேணல், நேர்மை, உழைப்பின் மதிப்பு ஆகியவற்றைப் பயிற்றுவதே தம் நோக்கம் என்றார். ஏழைக் குடியேறிகளின் பிள்ளைகளைத் திருத்தும் மேட்டிமை இதில் கலந்திருந்ததை மறுப்பதற்கில்லை. எனினும் கீரைக்கட்டோடு வீடு திரும்பிய பிள்ளையின் குடும்பத்துக்கு அன்றைய கறிக்கு வழி பிறந்தது என்பதும் மெய்யே.

முதல் உலகப்போர் இவ்வியக்கத்துக்குச் சீருடைச் சாயலைத் தந்தது. அமெரிக்கக் கல்விப் பணியகம் போர்க்கால நிதியிலிருந்து நடத்திய பள்ளித்தோட்டப் படையில் பிள்ளைகள் அணிகளாகப் பிரிக்கப்பட்டு, கேப்டன், லெப்டினன்ட் பதவிகளும் சின்னங்களும் பெற்றனர். அவர்கள் பயிரிட்டது பெரிதும் வீட்டுக்கொல்லைகளிலும் நகரின் வெற்று மனைகளிலும்தான். போர் முடிந்து பணம் நின்றதும் படை கலைந்தது.

நிலைத்தது வேறொன்று. புரூக்ளின் தாவரவியல் பூங்காவில் 1914-இல் தொடங்கி, எலன் எட்டி ஷா நெடுங்காலம் வழிநடத்திய குழந்தைகள் தோட்டம் இன்றும் இயங்குகிறது. நிலமும் நீரும் பயிற்றுநர் ஊதியமும் தாவரவியல் பூங்காவின் பொறுப்பில் இருந்தமையால் பள்ளித் தேர்வுகளோ விடுமுறையோ அதைத் தொடவில்லை. வசந்தத்தில் விதைத்த பிள்ளைகள் கோடை முழுவதும் வந்து களையெடுத்து, தாம் விளைவித்ததைத் தாமே பறித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.