மன்னார் வீதியும் எங்கள் உதைபந்தாட்டமும்

வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போகும் பேருந்தில் ஏறினால், பம்பைமடுவில் எங்கள் பல்கலைக்கழகம் வரும். அந்த வீதி பறையனாலங்குளத்தில் மதவாச்சி வீதியோடு சேர்ந்து, தள்ளாடியைத் தாண்டி, பாலம் கடந்து, மன்னார்த் தீவுக்குள் இறங்கித் தலைமன்னார்க் கடலில் முடிகிறது. எங்கள் உதைபந்தாட்டத்தின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் இந்த வீதியின் இரண்டு முனைகளிலிருந்தும் சொல்ல வேண்டும். ஒரு முனை பிள்ளைகளை விளையாட்டுக்காரராக வளர்த்தது. மறுமுனை அவர்களை வேற்று மொழிக்காரரோடு ஓரணியாக்கியது.

முதலில் நிறுவனத்தின் வரலாறு. 1991இல் வடமாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது, 1997 ஏப்ரலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாயிற்று. 2021 ஆகஸ்ட் 1ஆந் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து எழுந்தது. வளாகமாக இருந்தவரை தாய்ப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாகவே இருந்தோம். நமது பெயர் பொறித்த ஜேர்சியோடு ஏனைய பல்கலைக்கழகங்களுக்கு எதிரே நிற்கும் உரிமை 2021இல்தான் வந்தது. முப்பது ஆண்டுப் பொறுமையின் பலன் அது.

இனி மன்னார்க் கரை. தீவிலும் எதிர்க்கரையிலும் உதைபந்தாட்டம் கோயிற்பற்றோடு சேர்ந்து வளர்ந்தது. மாவட்ட மக்களில் பெரும் பகுதியினர் கத்தோலிக்கர். அதனால் கழகங்களும் புனிதர்களின் பெயரையே சூடிக்கொண்டன. பள்ளிமுனையில் சென் லூசியஸ், பனங்கட்டுக்கொட்டில் சென் ஜோசப் என்று அந்தப் பெயர்களை உச்சரித்தாலே ஊர் நினைவுக்கு வரும். பேசாலை, வங்காலை, தலைமன்னார் என்று எந்த மீனவர் ஊருக்குப் போனாலும், வள்ளங்கள் கரையேறிய மாலையில் மணலில் ஒரு பந்து உருளும். புதைமணலில் ஓடிப் பழகிய கால்கள் புல்தரையில் சுலபத்தில் களைப்பதில்லை. சோழகம் வீசும் மாதங்களில் உயர அடித்த பந்தைக் காற்று தன் போக்கில் கொண்டுபோய்விடும். ஆகவே தரையோடு தரையாகப் பாஸ் கொடுக்கப் பழகுவார்கள். பயிற்றுவிப்பாளர் வருவதற்கு முன்பே காற்றும் மணலும் அவர்களைப் பழக்கிவிடுகின்றன.

அந்தக் கரை ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரியதன்று. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரம் அரபு வணிகர் கொண்டுவந்தது என்பது வழிவழி வரும் பேச்சு. எருக்கலம்பிட்டியின் முஸ்லிம் பிள்ளைகளும், சித்திவிநாயகர் இந்துக் கல்லூரிப் பிள்ளைகளும், புனித சவேரியார் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே தீவில் வளர்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தீவின் முஸ்லிம் குடும்பங்கள் கடல்வழியே கற்பிட்டி, புத்தளம் பக்கம் போய்ச் சேர்ந்தன. ஒரு கரையிலிருந்து விளையாட்டுத் தோழர்களும் சேர்த்துப் பிடுங்கப்பட்டார்கள். புத்தளத்து அகதிக் குடியிருப்புகளில் பிறந்த பிள்ளைகள், தகப்பன்மார் சொல்லித்தான் மன்னார் மணலை அறிந்தார்கள். போரில் தகர்ந்த பாலத்துக்குப் பதிலாக 2010இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015இல் தலைமன்னார் வரை ரயில் மீண்டும் ஓடியது. அந்த வழியே திரும்பிவந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பின்னர் பல்கலைக்கழக வாசலைத் தொட்டார்கள்.

அந்த வாசலில் வேறொரு கலப்பு காத்திருந்தது. நம் நாட்டில் கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கள்தொகைக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்படுகிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டங்களுள் மன்னாரும் ஒன்று. இந்த ஏற்பாட்டால் மன்னாரின் தாழ்வுபாட்டுப் பிள்ளையும் குருநாகல் பிள்ளையும் அக்கரைப்பற்றுப் பிள்ளையும் ஒரே விரிவுரை மண்டபத்தில் அமர முடிகிறது. போர் முடிந்த பின் தெற்கிலிருந்து வரும் மாணவர் தொகை பெருகியது. விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். விடுதியில் அவரவர் மொழியில் அவரவர் கூட்டம் கூடும். மண்டபத்தில் அருகருகே இருந்தவர்கள் வாசலில் பிரிந்துவிடுவார்கள்.

உதைபந்தாட்டத்தின் பிறப்பையே இங்கே நினைக்க வேண்டும். 1848இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவர்கள் வெவ்வேறு பாடசாலைகளில் வெவ்வேறு விதிகளோடு விளையாடிப் பழகியவர்கள். ஒருவர் விதி மற்றவருக்குப் பிழையாகத் தெரிந்தது. சேர்ந்து விளையாட வேண்டும் என்ற ஆசையால் கூடியிருந்து ஒரு பொது விதியை எழுதினார்கள். 1863இல் இங்கிலாந்தில் உதைபந்தாட்டச் சங்கம் வகுத்த சட்டங்களிலும் அந்த விதிகளின் சாயல் உண்டு. வேறு வேறு இடத்திலிருந்து வந்தவர்கள் தமக்குள் ஒரு பொதுவை உண்டாக்கியதால் விளைந்த ஆட்டம் இது. பல்கலைக்கழகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இல்லை.

எங்கள் மைதானத்தில் அந்தப் பொதுவுக்கு ஒரு சொல் இருக்கிறது. அது 'மச்சான்'. தமிழிலிருந்து சிங்களத்துக்குப் போய் 'மச்சங்' ஆகி, அங்கேயே குடியேறிவிட்ட சொல் அது. பின்னால் எதிரணி ஆள் வருகிறான் என்று எச்சரிக்க நீண்ட வாக்கியத்துக்கு நேரமில்லை. 'மச்சான்' என்று ஒரு குரல் போதும், பந்து கைமாறாது, கால்மாறும். பயிற்சி நேரமும் எல்லாரையும் சேர்க்கும்படியே வகுக்கப்பட வேண்டும். நோன்பு மாதத்தில் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும், ஞாயிறு பூசைக்குப் பின்னரே கூட வேண்டும், போயா தினத்தில் ஊர் போகிறவரை மறித்து வைக்கக் கூடாது. இவை சலுகைகள் அல்ல. பதினொரு பேரும் முழு மனத்தோடு இறங்குவதற்கான வழி.

பந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. 2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து வரவேற்பு நிகழ்வொன்றில் தமிழ், சிங்கள மாணவர்களுக்கிடையே மூண்ட மோதலை நாம் மறக்கலாகாது. ஒரே வளாகத்தில் படிப்பதால் மட்டும் உறவு வந்துவிடாது என்பதை அது காட்டியது. உறவுக்குப் பொதுவான வேலை வேண்டும். சேர்ந்து வியர்க்க வேண்டும், சேர்ந்து தோற்கவும் வேண்டும். தோற்ற அணி பேருந்தில் திரும்பும்போது யார் எந்த மொழியில் அழுதாலும் மற்றவனுக்குப் புரியும்.

இந்த மலரைக் கையில் எடுத்திருக்கும் இளைய வீரர்களுக்கு மூன்று வேண்டுகோள். பயிற்சிக்குச் சோடி சேரும்போது உன் மொழி பேசாதவனைத் தேர்ந்துகொள். ஒவ்வோர் ஆண்டும் அணியினரின் பெயர், ஊர், ஆடிய இடம், கோல் கணக்கு ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி அடுத்த தலைவரிடம் ஒப்படை. விடுமுறையில் தெற்கத்தித் தோழன் ஒருவனை மன்னார் வீதி முடியும் இடம்வரை அழைத்துப் போய், உன் ஊர்க் கரையில் உன் தம்பிமாரோடு ஒரு மாலை விளையாட வை. அந்தத் தம்பிமாரும் நாளை இந்த வீதியால் பம்பைமடுவுக்கு வரவேண்டியவர்கள்.