ஹெலிகோபாக்டர் பைலோரி: சிங்கப்பூரில் ஓர் இரைப்பைத் தொற்று

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது இரைப்பையின் உட்சுவரில், சளிப்படலத்துக்குள் பல ஆண்டுகள் தங்கிவிடும் சுருள்வடிவ பாக்டீரியா. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் தொற்றும் இது, சிலருக்குக் குடற்புண்ணையும் வெகு சிலருக்குப் புற்றுநோயையும் உண்டாக்குகிறது.

கண்டுபிடிப்பு

அமிலம் நிறைந்த இரைப்பையில் கிருமி பிழைக்காது என்றே மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினர். புண்ணுக்கு மன அழுத்தமும் மிகுந்த அமிலமும் காரணமாகச் சொல்லப்பட்டன. 1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் இந்த பாக்டீரியாவை இரைப்பைத் திசுவில் கவனித்தார். 1982இல் பாரி மார்ஷலும் அவரும் அதை வளர்த்தெடுத்தனர். ஈஸ்டர் விடுமுறையால் வளர்ப்புத் தட்டுகள் கூடுதல் நாள் இருந்தது அதற்கு உதவியது. 1984இல் மார்ஷல் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். இருவருக்கும் 2005இல் நோபெல் பரிசு கிடைத்தது.

சிங்கப்பூரில்

1990களின் ரத்தப் பரிசோதனை ஆய்வுகளில், இத்தொற்று மலாய்க்காரர்களைவிடச் சீனரிடமும் இந்தியரிடமும் அதிகம் காணப்பட்டது. ஆனால் இரைப்பைப் புற்றுநோய் சீனரிடமே மிகுதி. தொற்று மிகுந்தும் இந்தியரிடம் புற்றுநோய் குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் 'இந்தியப் புதிர்' என்பர். கிருமியின் வகை, உணவு, மரபணு ஆகியவை காரணமாகக் கருதப்படுகின்றன. தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2004 முதல் ஏறத்தாழ 3,000 பேரைப் பின்தொடர்ந்து, இரைப்பைச் சுவர் குடற்சுவர்போல மாறியவர்களுக்கு ஆபத்து கூடுவதைக் காட்டினர்.

கண்டறிதலும் சிகிச்சையும்

இக்கிருமி யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கி அமிலத்தைத் தணிக்கிறது. மூச்சுப் பரிசோதனை அந்தச் சிதைவைத்தான் அளக்கிறது. மலப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் திசுவும் பிற வழிகள். அமிலம் குறைக்கும் மருந்துடன் இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகள், வழக்கமாக 14 நாள், தரப்படுகின்றன. கிளாரித்ரோமைசினை எதிர்க்கும் கிருமிக்கு பிஸ்மத் சேர்ந்த நால்மருந்து முறை உண்டு. மருந்தை நடுவில் நிறுத்தினால் கிருமி மிஞ்சும். மருந்தை முடித்து நான்கு வாரமாவது கழித்து மீண்டும் சோதிப்பது அவசியம்.

சிங்கப்பூரில் இந்தியர் அதிகம் கூடும் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் 'கேஸ்டிரிக்' என்று சொல்லி மாத்திரையோடு சமாளிக்கப்படும் வயிற்று வலிக்குப் பின்னால் இத்தொற்று இருக்கலாம். புற்றுநோய் குறைவு என்ற புள்ளிவிவரம் இந்தியரைப் புண்ணிலிருந்து காப்பதில்லை. கறுத்த மலம், ரத்த வாந்தி, காரணமற்ற எடைக்குறைவு தென்பட்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.