ரவுட்டர் அலங்காரக் கடைசல்

மரக்கிண்ணத்தை ரவுட்டரால் வடித்து வழவழப்பாக்கும் முறை. வழக்கமான கடைசலில் மரம் வேகமாகச் சுழலும். உளி கையில் இருக்கும். இங்கே மரம் கைப்பிடியால் மெல்லத் திரும்பும். நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழலும் ரவுட்டரின் வெட்டலகு, அச்சுப்பலகையின் வளைவைப் பின்பற்றிச் செதுக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனில் ஹோல்ட்சாப்ஃபெல் பட்டறை செய்யத் தொடங்கிய அலங்காரக் கடைசல் பொறிகள் இதன் முன்னோடி.

வழவழப்புதான் கடினம். உருண்டை முனை அலகு ஒவ்வொரு ஓட்டத்திலும் நுண்ணிய வரப்பை விட்டுச்செல்லும். ஓட்டங்களை நெருக்கமாக வைத்தால் வரப்பு தணியும். கடைசி ஓட்டத்தில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவினால் நார் பிய்வதும் குறையும். பிறகு 120இலிருந்து 400 வரை எண்ணுள்ள உப்புத்தாளால் தேய்க்கவேண்டும். அலகு ஓரிடத்தில் தங்கினால் மரம் கருகும். அந்தக் கறையைத் தேய்த்தெடுப்பது பெரும்பாடு.

செம்பவாங் உட்பட சிங்கப்பூர் எங்கும் நிழல் தரும் தூங்குமூஞ்சி மரம் கிண்ணத்துக்கு அருமையானது. ஆனால் அங்கே காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும். வெளியே காய்ந்த கட்டை குளிரூட்டிய அறையில் மேலும் சுருங்கி வெடிக்கலாம். எனவே முதலில் கிண்ணத்தின் சுவரை அதன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமனாக விட்டு, சில மாதம் உலர்த்திய பிறகே இறுதி வடிவம் தரவேண்டும். இந்த மரத்தின் தூள் மூக்கை எரிக்கும். முகக்கவசமின்றித் தேய்க்க வேண்டாம்.