படித்திருக்கிறீர்களா? – ஒரு கேள்வியின் வரலாறு

1880ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து ஓராண்டுகூட நிறையாத சாமிநாதையர், ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முனிசீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். ஐயருக்கு அப்போது வயது 25. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்ற பெருமை அவருக்குண்டு. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று ஐயர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் வியப்பின் சாயலே இல்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார். ஐயர் அவற்றைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

உ.வே.சா. தம் 'என் சரித்திரம்' நூலில் விரிவாக எழுதியிருக்கும் இந்தச் சந்திப்பு, பழந்தமிழ் நூல்களின் மறுபிறப்புக்குத் தொடக்கமாகப் பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. நவீன காலத் தமிழில் நிகழ்ந்த மிகப்பெரிய நூல் பரிந்துரை அது. பரிந்துரைத்தவர் பண்டிதர் அல்லர். நீதிமன்ற உத்தியோகஸ்தர், நல்ல வாசகர். அவர் சிந்தாமணியின் சிறப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். பிறகு ஒரு கையெழுத்துப் பிரதியையும் தேடிக் கொணர்ந்து கொடுத்து, எனக்குப் பாடம் சொல்லுங்கள் என்றார். ஏழாண்டுகள் கழித்து, 1887இல், சிந்தாமணி அச்சில் வந்தது. புறநானூறு 1894இல், மணிமேகலை 1898இல். ஒரு கேள்வி ஒருவரின் மிச்ச வாழ்நாளையே திசைதிருப்பிவிட்டது.

முக்கால் நூற்றாண்டுக்குப் பின், 1950களில், க.நா.சுப்ரமண்யம் தாம் விரும்பிய தமிழ் நூல்களை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்து எழுதிய கட்டுரைகளுக்கு வைத்த தலைப்பு 'படித்திருக்கிறீர்களா?'. அதே கேள்விதான். ஆனால் இம்முறை காணாமல் போயிருந்தவை ஆயிரம் ஆண்டுப் பழமையான ஏடுகள் அல்ல. பத்து இருபது ஆண்டுகளுக்கு முன் அச்சான புத்தகங்கள்.

அன்றைய நிலையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1933இல் தொடங்கிய மணிக்கொடி நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. கு.ப.ரா. 1944இல் போய்விட்டார், புதுமைப்பித்தன் 1948இல். அவர்களுடைய கதைகள் பழைய இதழ்களில் முடங்கிக் கிடந்தன. மறுபுறம் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்து, குடும்பம் குடும்பமாக வாசிக்கப்பட்டது. வாசகர்கள் இல்லாத காலம் அன்று அது. தமிழ் வாசிப்பு அதற்கு முன் அவ்வளவு பெருகியதே இல்லை. ஆனால் வாசகருக்கு அடுத்த புத்தகத்தைக் காட்டும் வேலையை வாரப் பத்திரிகைகளே செய்தன; தம்முடைய தொடர்கதைகளுக்கு அப்பால் அவை பெரும்பாலும் விரல் நீட்டவில்லை. பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளுக்கோ நாவல், சிறுகதை என்பவை இலக்கியமாகவே தோன்றவில்லை.

இந்த இடைவெளியில்தான் க.நா.சு. பட்டியல் போட ஆரம்பித்தார். சிறந்த நாவல்கள், சிறந்த சிறுகதைகள், படிக்க வேண்டிய உலக நூல்கள் எனப் பட்டியலுக்கு மேல் பட்டியல். சில பெயர்கள் அடுத்த பட்டியலில் உதிர்ந்துவிடும். புதிதாகச் சில முளைக்கும். இதைச் சொல்லி அவரைக் கேலி செய்யாதவர் குறைவு. நண்பர்களுக்குச் சலுகை என்றார்கள், சாதிப்பற்று என்றார்கள், மேலைநாட்டு மோகம் என்றார்கள்.

அவருடைய பட்டியல்களில் விடாமல் இடம்பெற்றது ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942). கொங்கு நாட்டுக் கிராமத்தில், நிலத்தில் தன் பங்கைக் கேட்டு நிற்கும் ஒரு கைம்பெண்ணின் கதை. அளவில் சிறிய நாவல். எழுதியவர் எந்த இலக்கியக் குழுவின் செல்லப்பிள்ளையும் அல்லர். வட்டார வழக்கில் எழுதப்பட்ட நாவல்களுக்கு முன்னோடி என்று இன்று எல்லோரும் அதைச் சொல்கிறோம். அப்படிச் சொல்லுமளவுக்கு அது நினைவில் நின்றதற்கு, ஒரு மனிதர் அலுக்காமல் அதன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது பெரிய காரணம் என்பது என் எண்ணம். புதியவர்களையும் அவர் விடவில்லை. நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்' 1968இல் வந்தபோது அதைப் பாராட்டியதோடு நில்லாமல், தாமே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் கொடுத்தார்.

சிந்தாமணிப் பிரதியைத் தேடிக் கொடுத்த முனிசீப்பை இந்த இடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. க.நா.சு.வும் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனவர் அல்லர். நட் ஹாம்சன் படியுங்கள் என்று சொன்னவர், 'நிலவள'த்தை மொழிபெயர்த்தார். செல்மா லாகர்லெவ் முக்கியம் என்றவர், 'மதகுரு'வைத் தமிழில் தந்தார். பேர் லாகர்குவிஸ்டின் 'பாரபாஸ்' அவர் கையால் 'அன்பு வழி' ஆயிற்று. ஆங்கில வழியாகப் படித்த தலைமுறை ஸ்காட்டையும் டிக்கன்ஸையும் தாண்டாத காலத்தில், ஸ்காண்டிநேவியக் குளிரைக் காவிரிக்கரைக்குக் கொண்டுவந்தவர் அவர். தி. ஜானகிராமன் லாகர்குவிஸ்டின் இன்னொரு நாவலைக் 'குள்ள'னாகத் தமிழாக்கியது இங்கே நினைவுகூரத் தக்கது.

சி.சு. செல்லப்பாவுக்கு இந்த முறையில் திருப்தியில்லை. ஒரு படைப்பு ஏன் நல்லது என்பதைப் பகுத்துக் காட்ட வேண்டும், வெறுமனே நல்லது என்பது விமர்சனமாகாது என்பது அவர் கட்சி. 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கி, பதினோரு ஆண்டுகளுக்கு மேல் நடத்தி, அலசல் விமர்சனத்துக்கு அவர் வழி வகுத்தார். க.நா.சு.வும் 'எழுத்து'வில் எழுதினார், பிறகு விலகினார், 1963இல் 'இலக்கிய வட்டம்' நடத்தினார். இருவரில் யார் சரி என்று கேட்டால், விமர்சகராகச் செல்லப்பா என்பேன். ஆனால் ஒரு புத்தகத்தைக் கையிலெடுக்க வைத்தவர் க.நா.சு. விசித்திரம் என்னவென்றால், அவ்வளவு பகுத்தாய்ந்த செல்லப்பாவே கடைசியில் புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். படித்திருக்கிறீர்களா என்று கேட்க வேறு வழி அவருக்கும் இருக்கவில்லை.

1960களில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய வாசகர் வட்டம், இதே காரியத்தை வேறொரு விதத்தில் செய்தது. உறுப்பினராகச் சேர்ந்தால் நல்ல தாளில், கட்டுக்கோப்பான அச்சில் தேர்ந்தெடுத்த நூல்கள் வந்துசேரும். சா. கந்தசாமியின் 'சாயாவனம்' என்ற முதல் நாவலும், ஜானகிராமனும் சிட்டியும் காவிரியை ஒட்டிப் பயணம் செய்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'யும் அப்படி வந்தவையே. பயண நூலையும் புதினத்தையும் ஒரே வாசகருக்கு ஒரே மதிப்போடு நீட்டியது பெரிய காரியம். அந்த முயற்சி நீண்ட நாள் நீடிக்கவில்லை.

இனி மறுபக்கம். ஒரு பட்டியல் என்பது ஒரு மௌனமும்கூட. 'நாகம்மாள்' உள்ளே வந்த அதே வேளையில் யார் யார் வெளியே நின்றார்கள்? ஈழத்து விமர்சகர் க. கைலாசபதி, சமூகப் பார்வை அற்ற ரசனை என்று க.நா.சு. குழுவினரைக் கடுமையாகச் சாடினார். அவருடைய கண்டனத்தில் பாதி நியாயம் உண்டு என்று நினைக்கிறேன். ஆனால் பட்டியலுக்கு வந்த ஆகச் சிறந்த பதில், கண்டனமாக வராமல் ஆராய்ச்சியாக வந்தது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' (2002) நூலைச் சொல்கிறேன். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு, வை.மு. கோதைநாயகி என்று இலக்கியவாதிகள் முகஞ்சுளித்து ஒதுக்கிய பெயர்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, அவற்றை யார் வாங்கினார்கள், எப்படி வாசித்தார்கள், உரக்க வாசித்த காலம் எப்படி மௌன வாசிப்புக்கு மாறியது என்று ஆராயும் நூல் அது. கோதைநாயகி மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியவர். 'ஜகன்மோகினி' பத்திரிகையைப் பல்லாண்டுகள் நடத்தியவர். அவை உயர்ந்த கலையா என்ற கேள்விக்கு என் பதில் இல்லை என்பதே. ஆனால் வீட்டுக்குள் இருந்த எத்தனையோ பெண்கள் முதன்முதலாகக் கையிலெடுத்த நாவல்கள் அவை. க.நா.சு.வின் தராசில் அந்த வாசகிகளை நிறுக்க எடைக்கல் இல்லை.

எனவே புதிதாக வாசிக்க வரும் நண்பர்களுக்கு நான் இரண்டு நூல்களைச் சேர்த்தே சொல்வேன். முதலில் 'நாகம்மாள்', பிறகு 'நாவலும் வாசிப்பும்'. முன்னதை ஒரே அமர்வில் முடித்துவிடலாம். முன்னுரை ஏதும் இருந்தால் அதைக் கடைசியில் படியுங்கள்.